ஜோர்ஜ் பிசே

ஜோர்ஜ் பிசே (அக்டோபர் 25, 1838 - ஜூன் 3, 1875) ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆவார். ஒப்பேரா எனப்படும் இசை நாடகங்களுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். உலகில் மிகுதியாக மேடையேற்றப்படும் ஒப்பேராக்களுள் ஒன்றான கார்மென் இவருடைய படைப்பாகும். எனினும் அது முதலில் அரங்கேறியபோது வரவேற்பைப் பெறவில்லை. அதன் வெற்றியைக் காணாமலேயே தமது 36 ஆவது வயதில் இவர் காலமானார்.

இளமைக் காலம்

பிசே பாரிசு நகரில் பிறந்தார். பிறப்புப் பதிவில் இவரது பெயர் அலெக்சாந்தர் சேசார் லியோபோல்ட் என்பதாகும். ஜோர்ஜ் என்பது திருமுழுக்கின்போது இடப்பட்ட பெயர். தந்தை பாட்டு ஆசிரியர். தாயார் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். 1848 இல், பத்து வயது நிறையும் முன்னரே, பாரிசு இசைக்கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஃபுரோமன்டால் அலேவியிடம் இசையமைப்புப் பயின்றார்.

1855 இல், 17 வயதில், சி மேஜர் சிம்பொனியை எழுதினார். இது இவரது வாழ்நாளில் இசைக்கப்படவே இல்லை. 1933 இல் இசைக்கல்லூரி நூலகத்தில் இதன் கையெழுத்துப்படி கண்டெடுக்கப்பட்டது. 1935 இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முதன்முறையாக இசைக்கப்பட்டது. 1857 இல் பிசே புகழ்பெற்ற ரோம் பரிசை வென்று, அப்பரிசின் பயனாக 1860 வரை இத்தாலியில் தங்கியிருந்தார்.

முத்துக்குளிப்போர்

1863 செப்டம்பர் 30 அன்று பாரிசில் அரங்கேறிய முத்துக்குளிப்போர் என்னும் ஒப்பேரா பண்டைய இலங்கையைக் களமாகக் கொண்டது. நாதிர், சுர்கா என்னும் இரு நண்பர்கள் லைலா என்ற பூசாரிப் பெண்ணை விரும்புவதே இதன் கதை. முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாக எண்ணப்பட்ட கதை பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டது. பிசே இலங்கைக்குச் சென்றதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு உண்மையில் நடைபெற்ற தொழிலே. ஆயினும் நாடகத்தில் வருவது பாரிசில் கற்பனை செய்யப்பட்ட இலங்கையாகும்.

திறனாய்வாளர் பலர் இதனைக் குறை கூறினர். இசையமைப்பாளர் எக்டர் பெர்லியோஸ் மட்டும் பாராட்டி எழுதினார். 18 காட்சிகளுடன் நிறுத்தப்பட்ட இந்நாடகம் பிசேயின் வாழ்நாளில் மீண்டும் மேடையேறவில்லை. நண்பர் இருவரும் இணைந்து பாடும் பாடல் இன்று பெரிதும் விரும்பிக் கேட்கப்படுகிறது.

கார்மென்

1869 இல் பிசே தம் ஆசிரியர் அலேவியின் மகள் ஜெனவியேவை மணந்தார். 1870 இல் பிரான்சு-பிரசியப் போர் மூண்டபோது தேசியக் காவல்படையில் சேர்ந்தார். 1872 இல் அல்போன்சு டோடேயின் ஆர்ல் நகரப் பெண் என்ற நாடகத்துக்கு இசையமைத்தார். நாடகம் தோல்வியுற்றாலும், அதன் இசையிலிருந்து இவர் தொகுத்த இசைக்கோவை வெற்றி பெற்றது.

கார்மென், புரோஸ்பர் மெரிமேயின் குறும்புதினத்தைத் தழுவியது. கதைத்தலைவி செவில் நகரின் சுருட்டு ஆலைத் தொழிலாளி. அவளைக் காதலிக்கும் படைவீரன் தொன் ஹோசே, இறுதியில் மேடையிலேயே அவளைக் கொலை செய்கிறான். 1875 மார்ச் 3 அன்று ஒப்பேரா கோமிக் அரங்கில் இது அரங்கேறியது. குடும்பத்துடன் வந்து பார்க்கும் அவ்வரங்கின் இரசிகர்களுக்கு இத்தகைய தலைவியும் முடிவும் அதிர்ச்சி தந்தன. பத்திரிகைகள் ஒழுக்கக்கேடு என்று கண்டித்தன.

மறைவும் புகழும்

அரங்கேற்றத்துக்குப் பின் நோயுற்ற பிசே, பாரிசுக்கு அருகிலுள்ள பூஜிவல் என்னும் ஊரில் தங்கினார். தமது ஆறாவது திருமண நாளான 1875 ஜூன் 3 அன்று மாரடைப்பால் இறந்தார். இவரது உடல் பாரிசின் பேர் லாசேஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் வியன்னாவில் கார்மென் மேடையேறிப் பெருவெற்றி பெற்றது. இதற்காக, பேச்சு உரையாடல்களுக்கு மாற்றாக இவரது நண்பர் எர்னஸ்ட் கிரோ இசையுடன் கூடிய பகுதிகளைச் சேர்த்திருந்தார். பல நாடுகளில் புகழ்பெற்ற பின்னரே, 1883 இல் அது மீண்டும் பாரிசு மேடைக்குத் திரும்பியது.

முக்கிய படைப்புகள்

* சி மேஜர் சிம்பொனி (1855)
* முத்துக்குளிப்போர் (1863)
* குழந்தைகளின் விளையாட்டுகள் - ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும் 12 சிறு உருப்படிகள் (1871)
* ஜமிலே (1872)
* ஆர்ல் நகரப் பெண் (1872)
* கார்மென் (1875)