ரேடியோ ஸ்கேனரும் மென்பொருள் வானொலியும்

காவல்துறை, தீயணைப்பு, விமானம், கப்பல், ரயில் ஆகியவற்றின் வானொலி உரையாடல்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி ரேடியோ ஸ்கேனர். அதே வேலையைக் கணினியில் ஓடும் நிரலால் செய்துமுடிப்பது மென்பொருள் வானொலி. எஸ்டிஆர் என்ற சுருக்கப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இவ்விரண்டில் எதை வாங்குவது என்ற கேள்வி, ஸ்கேனர் கேட்பது ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்த அமெரிக்காவில்தான் அதிகம் எழுகிறது. எனவே இக்கட்டுரை அந்நாட்டுச் சூழலையே முதன்மையாகக் கொள்கிறது.

முதல் தலைமுறை ஸ்கேனர்களில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் செருக வேண்டியிருந்தது. எட்டு அலைவரிசை வேண்டுமென்றால் எட்டுப் படிகம். 1970களின் நடுப்பகுதியிலிருந்து அதிர்வெண்ணை எண்களால் அமைத்துக்கொள்ளும் கருவிகள் வந்து அந்தத் தொல்லையை ஒழித்தன. அக்காலத்தில் பெயர்பெற்ற எலக்ட்ரா நிறுவனத்தின் பேர்கேட் வரிசை பின்னர் யூனிடன் வசம் போனது. இன்றும் அப்பெயரில் ஸ்கேனர்கள் விற்கின்றன. வேலைமுறை மாறவில்லை. கருவி ஒவ்வோர் அலைவரிசையாகத் தாவிப் பார்க்கும். பேச்சு இருந்தால் நிற்கும், முடிந்ததும் நகரும். நல்ல கருவி நொடிக்கு நூறு அலைவரிசை வரை தாவும்.

மென்பொருள் வானொலி தாவுவதில்லை. அலைக்கற்றையின் ஒரு துண்டை அப்படியே எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. பிரிப்பது, வடிகட்டுவது, ஒலியாக்குவது எல்லாம் நிரலின் பொறுப்பு. ஜோசப் மிட்டோலா 1990களின் தொடக்கத்தில் எழுதிய ஆய்வுரைகள் இந்தக் கருத்துக்குப் பெயர் தந்தன. 2001இல் தொடங்கிய குனூ ரேடியோ திட்டம் அதைத் திறமூல நிரலாக எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனால் வன்பொருள் விலை சாமானியர் எட்ட முடியாததாகவே இருந்தது. 2012இல் நிலைமை தலைகீழானது. கணினியில் தொலைக்காட்சி பார்க்க விற்ற மலிவான யூஎஸ்பி டாங்கிளில் இருந்த ரியல்டெக்கின் ஆர்டிஎல்2832யூ சில்லு, பண்பலை வானொலி கேட்கும்போது பதப்படுத்தாத அலை மாதிரிகளைக் கணினிக்கு அனுப்புவதை ஆன்டி பாலோசாரி என்ற ஃபின்லாந்து நிரலாளர் கவனித்தார். ஆஸ்மோகாம் என்ற திறமூல நிரலாளர் குழுவினர் அதற்கான இயக்கி நிரலை எழுதினார்கள். ஆராய்ச்சிக்கூடத்துக்குள் இருந்த கருவி 20 டாலருக்குக் கையில் வந்தது. வானொலிப் பொழுதுபோக்கின் வரலாற்றில் இதற்கு இணையான திருப்பம் குறைவு என்றே சொல்ல வேண்டும்.

ஆர்820டி ட்யூனர் கொண்ட ஆர்டிஎல் டாங்கிள் ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் காட்டும். 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசைகள் 192 அதற்குள் அடங்கும். திரையில் அவை மேலிருந்து கீழே வழிந்தபடி இருக்கும். எங்கே யார் பேசினாலும் அந்த இடத்தில் ஒரு கோடு ஒளிரும். ஸ்கேனர் வேறோர் அலைவரிசையில் நின்ற நேரத்தில் தவறிப்போகும் மூன்று நொடிப் பேச்சு இதில் தவறாது. முழுத் துண்டையும் பதிவுசெய்து பிறகு பின்னோக்கிச் சென்று வேறோர் அலைவரிசையைக் கேட்கவும் முடியும். அதற்கு இடம் வேண்டும்: நொடிக்கு 4.8 மெகாபைட், அதாவது மணிக்கு 17 கிகாபைட்டுக்கு மேல்.

மலிவு டாங்கிளின் பலவீனம், அலையை எண்களாக்கும் அதன் எட்டு பிட் மாற்றி. மிக வலிய அலைக்கும் மிக மெலிந்த அலைக்கும் இடையே அதனால் தாங்க முடிந்த இடைவெளி கோட்பாட்டளவில் 50 டெசிபெல். பக்கத்தில் பண்பலை நிலையம் ஒன்று முழங்கினால் தொலைவிலுள்ள விமானியின் குரல் அதில் மூழ்கிவிடும். போதாக்குறைக்குத் திரையில் இல்லாத நிலையங்களின் போலி உருவங்களும் தோன்றும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அடைத்துவிடும் சிறு வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் பெரும்பாலும் தீரும். நகரத்தில் குடியிருப்பவர்கள் டாங்கிளோடு சேர்த்தே அதையும் வாங்கிவிடுவது நல்லது. எஸ்டிஆர்பிளே ஆர்எஸ்பி1ஏ 14 பிட் மாற்றி கொண்டது. ஏர்ஸ்பை ஆர்2 12 பிட். விலை கூடினாலும் நெரிசலான அலைவெளியில் அவை நிதானமாக வேலை செய்கின்றன.

தேர்வை உண்மையில் தீர்மானிப்பது கேட்பவரின் ஊரில் எந்த வகை அமைப்பு ஓடுகிறது என்பதே. விமானப் பேச்சு உலகெங்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை பழைய வீச்சுப் பண்பேற்ற முறையில்தான் நடக்கிறது. கடல்வழி அவசர அழைப்பு 156.8 மெகாஹெர்ட்ஸில் வரும். இவற்றுக்கு மலிவான அனலாக் ஸ்கேனர் தாராளமாகப் போதும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமான நிலைய வேலி ஓரம் நிற்பவருக்கு மடிக்கணினி சுமை.

பல அமெரிக்க நகரங்களின் பொதுப் பாதுகாப்பு அமைப்புகள் வேறு வகை. பி25 என்னும் டிஜிட்டல் தரத்தில், ட்ரங்கிங் முறையில் அவை இயங்குகின்றன. அதில் எந்தக் குழுவுக்கும் நிலையான அலைவரிசை கிடையாது. பேச்சு எழும் போதெல்லாம் கட்டுப்பாட்டு அலைவரிசை ஒன்று காலியான இடத்தை ஒதுக்கும். கேட்கும் கருவி அந்த உத்தரவைப் படித்து உடனே அங்கே ஓட வேண்டும். இதைக்கூட நல்ல ஸ்கேனர்கள் எளிதாகச் செய்தன. அவற்றைத் திணறவைத்தது சைமல்காஸ்ட். ஒரு மாவட்டத்தின் பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்பும் ஏற்பாடு அது. இரண்டு கோபுரங்களின் அலைகள் மைக்ரோநொடிகள் முன்பின்னாக வந்து சேரும்போது ஒன்றையொன்று சிதைக்கும். அதிர்வெண் மாற்றத்தை மட்டும் அளக்கும் பழைய ஸ்கேனர்களால் அதைப் பிரித்தறிய முடியவில்லை. கோபுரத்துக்கு அருகிலேயே இருந்தும் சொற்கள் துண்டு துண்டாக விழுந்தன. அலையின் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து அளப்பது மென்பொருள் வானொலியின் இயல்பு. ஆகவே 30 டாலர் டாங்கிளும் எஸ்டிஆர்ட்ரங்க் என்ற இலவச நிரலும் நூற்றுக்கணக்கான டாலர் ஸ்கேனர் தோற்ற இடத்தில் தெளிவாகப் பேசின.

யூனிடன் 2018இல் எஸ்டிஎஸ்100 கருவியைக் கொண்டுவந்து இதற்குப் பதில் சொன்னது. உள்ளுக்குள் அது மென்பொருள் வானொலியேதான். வெளியே பொத்தானும் பேட்டரியும் ஒலிபெருக்கியும் உள்ள ஸ்கேனர். எனவே இரண்டும் எதிரெதிர்த் தொழில்நுட்பங்கள் என்று பேசுவது இப்போது பொருந்தாது. எஸ்டிஎஸ்100 கருவியில் சில டிஜிட்டல் வகைகளைக் கேட்பதற்கான திறவுகோலைத் தனியே பணம் கொடுத்து வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மறையாக்கம் செய்த பேச்சை இரண்டுமே திறக்காது. நியூயார்க் காவல்துறை 2023 ஜூலையில் புரூக்ளினிலிருந்து தொடங்கித் தன் அலைவரிசைகளை மூடத் தொடங்கியது. வேறு பல நகரங்களும் அப்படியே. உள்ளூர் அமைப்பு மூடப்பட்டதா என்று பார்க்காமல் விலையுயர்ந்த ஸ்கேனர் வாங்கினால் அவ்வளவு பணமும் வீண். டாங்கிளுக்கு அந்த இழப்பு இல்லை: 1,090 மெகாஹெர்ட்ஸில் விமானங்களின் இருப்பிடத்தையும், 162 மெகாஹெர்ட்ஸ் அருகே கப்பல்களின் அடையாளத்தையும், 137 மெகாஹெர்ட்ஸில் ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள் அனுப்பும் மேகப் படங்களையும் அது பெற்றுத் தரும். பேச்சைத் தாண்டிய ஆர்வம் உள்ளவர்கள் ஸ்கேனர் பக்கம் போகவே வேண்டியதில்லை. முதலில் டாங்கிள் வாங்கித் தன் ஊரின் அலைவெளியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும், தேவை உறுதியான பிறகு ஸ்கேனருக்குச் செலவிடுவதும் அறிவுடைய வரிசை. கணினி, இயக்கி நிரல், அமைப்புகள் இவற்றோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவருக்கும், வண்டியில் போய்க்கொண்டே கேட்பவருக்கும் இது பொருந்தாது. அஞ்சல் குறியீட்டை இட்டதும் அவ்வட்டார அலைவரிசைகளைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஸ்கேனர்கள் அவர்களுக்காகவே உள்ளன.

எதை வாங்கினாலும் உடன் வரும் குட்டி ஆன்டெனாவோடு நின்றுவிடக் கூடாது. 125 மெகாஹெர்ட்ஸுக்கு 60 சென்டிமீட்டர் நீளக் கம்பியை மொட்டைமாடியில் செங்குத்தாக நிறுத்தினால் கிடைக்கும் ஆதாயம், கருவியை மாற்றுவதால் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் மறையாக்கமற்ற பொதுப் பாதுகாப்புப் பேச்சைக் கேட்கக் கூட்டரசுச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் 1994 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனர்களை அங்கே தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் முடியாது. வாகனத்தில் ஸ்கேனர் வைப்பதைக் கட்டுப்படுத்தும் மாநிலங்களும் உண்டு. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, தனக்கென்று அனுப்பப்படாத செய்தியைக் கேட்பதையே குற்றமாக்குகிறது. இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் கேட்டது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவி வைத்திருக்க அங்கீகாரம் தேவை என்றே சொல்கிறது.