மூன்று பலகைகளும் ஒரு சமதளமும்



மாப்பிள்ளையூரணியில் என் வீட்டின் பின்கட்டில் சிறு தச்சுக்கூடம் ஒன்று வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பின், பிறர் பயன்படுத்திய வட்ட ரம்ப மேசை ஒன்றை விலைக்கு வாங்கினேன். வார்ப்பிரும்பாலான மேசை, அதன் நடுவே ஒரு பிளவு, அப்பிளவின் வழியே பல் வைத்த வட்டத் தகடு சுழன்று மரத்தை அறுக்கும். வாங்கிய முதல் வாரத்திலேயே தொல்லை தொடங்கிற்று. அறுத்த சட்டங்களின் விளிம்பு செங்குத்தாக அமையவில்லை. நீண்ட பலகையைத் தள்ளினால் பாதி வழியில் ஆடிற்று. ஆடும் பலகை திரும்பி ரம்பத்தைக் கவ்வினால், ரம்பம் அதனை ஆளின் மேலேயே திருப்பி எறிந்துவிடும். இது விரல்களைப் பற்றிய செய்தி, அலட்சியம் செய்வதற்கில்லை.

மின்தொடர்பை நீக்கிவிட்டு, இரும்பு அளவுகோலை மேசைமீது நெட்டாக நிறுத்தி, மறுபுறம் விளக்கை வைத்துப் பார்த்தேன். இடையே ஒளிக்கீற்றுத் தெரிந்தது. 'மேசையில் பள்ளம்' என்று தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தேன். பழைய நினைவொன்று வந்து தடுத்தது.

நான் ஆசிரியனாய் இருந்த நாளில், கைத்தொழில் வகுப்பு மாணவன் ஒருவன் சட்டமொன்றை இழைத்துக் கொணர்ந்தான். என் அளவுகோலை அதன்மேல் வைத்தேன். நடுவில் அரை நூல் இடைவெளி. (தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) வகுப்பறியக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. என் அளவுகோலை எடுத்துத் தாள்மேல் வைத்து ஒரு கோடு இழுத்தான். பிறகு அதனைப் புரட்டிப் போட்டு, அதே இரு முனைகளின் வழியே மற்றொரு கோடு இழுத்தான். கோடுகள் ஒன்றாகவில்லை, நடுவில் மீன் வயிறுபோல் விரிந்து நின்றன. வளைந்திருந்தது அவன் சட்டமன்று, என் அளவுகோல்! நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

ஓர் அளவுகோல் நேரானது என்பதற்கு எது சான்று? அதனினும் நேரான மற்றோர் அளவுகோல் என்பீர்கள். அதற்கு எது சான்று? இவ்வாறு பின்னோக்கிச் சென்றால், முதல் நேர்விளிம்பு எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்து உப்பளத்தார் இக்கேள்விக்கு எளிதில் விடை கூறிவிடுவர். பாத்தியை மிதித்துச் சமன் செய்து நீர் பாய்ச்சினால் மேடும் பள்ளமும் தாமே வெளிப்படும். எனினும் நீர் காட்டுவது மட்டத்தையே. கண்டிப்பாகச் சொன்னால் அது சமதளமன்று. உலகம் உருண்டையாதலால் நீர்ப்பரப்பும் உடன் வளைகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். என் மேசைக்கு அந்த வளைவு ஒரு பொருட்டன்று என்பது உண்மையே. ஆனால் சாய்ந்து நிற்கும் பரப்பையும் நிமிர்ந்து நிற்கும் பரப்பையும் நீரைக் கொண்டு எவ்வாறு சோதிப்பது?

விடை இயந்திரக் கூடங்களில் பிறந்தது. அவ்விடத்திற்கு நம்மை இட்டுச் செல்வதும் ரம்பமே. இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பார் 1777-ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் குறிக்கப்பட்டுள்ளது. அடுத்த தலைமுறையில், போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில், பாய் ஏற்றும் மரக் கப்பிகளை இயந்திரத்தால் செய்ய மார்க் புரூனல் திட்டமிட்டார். நம் தூத்துக்குடித் தோணிகளின் பாய்மரத்திலும் கப்பிகள் உண்டல்லவா? போர்க்கப்பல் ஒன்றிற்கோ அவை நூற்றுக்கணக்கில் வேண்டும். ரம்பங்கள் முதலிய அந்த இயந்திரங்களை இரும்பில் வடித்துக் கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. 1808-இல் அங்கே ஆண்டொன்றுக்கு 1,30,000 கப்பிகள் உருவாயின; 110 பேர் செய்த வேலைக்குப் பத்துப் பேர் போதுமாயிற்று. எஞ்சிய நூறு பேர் என் செய்தனர் என்பதை வரலாற்று நூல்கள் விரித்துரைப்பதில்லை.

மாட்ஸ்லே தம் பட்டறையில் தொழிலாளர் மேசைதோறும் சமதளப் பலகைகளை வைத்திருந்தார் என்று, அவரிடம் பணியாற்றிய ஜேம்ஸ் நாஸ்மித் எழுதியுள்ளார். அதே பட்டறையில் 1825 முதல் சிலகாலம் பயின்றவர் ஜோசப் விட்வர்த். பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கம் 1840-இல் கிளாஸ்கோ நகரில் கூடியபோது, சமதளம் செய்யும் முறையை விட்வர்த் விளக்கினார். ஆகவே புகழ் அவருக்கே சென்றது. ஆசானுக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து.

அம்முறையைக் கூர்ந்து கேளுங்கள். இரண்டு இரும்புப் பலகைகளை ஒன்றோடொன்று தேய்த்தால் அவை இசைந்து பொருந்திவிடும். ஆனால் சமதளம் ஆகிவிடா. ஆட்டுக்கல்லின் குழியில் குழவி எவ்வளவு இசைவாக அமர்கிறது! ஒன்று குழிவு, மற்றது புடைப்பு. எனவே மூன்றாம் பலகை வேண்டும். முதற்பலகை புடைத்தது என்று கொள்வோம். அதனோடு பொருந்துமாறு செய்த இரண்டாவதும் மூன்றாவதும் குழிந்தே அமையும். இப்போது அவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓரங்கள் மட்டும் தொடும். நடுவில் இடைவெளி நிற்கும். குற்றம் வெளிப்பட்டுவிட்டது. இரண்டின் ஓரங்களையும் சமமாகச் சுரண்டி, பின் முதற்பலகையை அவற்றிற்கேற்பத் திருத்தி, மீண்டும் மீண்டும் மாற்றி மாற்றி ஒப்பிட வேண்டும். பலகையைக் குறுக்காகத் திருப்பி வைத்தும் பார்க்கவேண்டும். இல்லையேல் முறுக்கு மறைந்திருக்கும். மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும், எப்படித் திருப்பினாலும் முழுதும் பொருந்துமாயின், அவை சமதளமாகவே இருத்தல் வேண்டும், வேறு வழியில்லை. குற்றமுள்ள மூன்று பொருள்கள், மேலோர் அளவுகோலின் உதவியின்றியே தம்முள் செம்மை கண்டுவிடுகின்றன!

எமரித் தூளிட்டுத் தேய்ப்பதை விட்வர்த் கண்டித்தார். தூள் ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அரித்துவிடும். அதற்கு மாறாக, காவிமண்ணை எண்ணெயில் குழைத்து ஒரு பலகையில் பூசி, மற்றதன்மேல் வைத்து எடுத்து, காவி ஒட்டிய மேடுகளை மட்டும் கைச் சுரண்டியால் நீக்கச் சொன்னார். நம் தச்சர் காவி நனைத்த நூலைச் சுண்டி மரத்தில் கோடிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே காவிதான் அங்கும் சான்று கூறிற்று. இத்தகைய செம்மையான பரப்புகளை அடிப்படையாகக் கொண்டே, அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை உணரும் அளவைக் கருவியை அவர் 1851-ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் வைத்தார்.

என்னிடம் மூன்று இரும்புப் பலகைகள் இல்லை. மூன்றடி நீளத்தில் மூன்று தேக்குச் சட்டங்களை எடுத்தேன். இரண்டிரண்டாக விளிம்போடு விளிம்பு சேர்த்து, விளக்கின் எதிரே பிடித்து, ஒளி கசியாதவரை இழைத்தேன். நான்கு நாட்கள் சென்றன. பிறகு அவற்றால் மேசையைச் சோதித்தேன். நடுப்பகுதி பெரும்பாலும் செவ்வையாகவே இருந்தது. பக்கத்தில் இணைத்த இறக்கைதான் கால் நூல் தாழ்ந்திருந்தது. திருகாணிகளைத் தளர்த்தி, பால் டப்பாத் தகரத்தை நறுக்கி இடையில் செருகி முடுக்கினேன். பலகையின் ஆட்டம் நின்றது. பிளவின் அருகே தபாலட்டைக் கனமுள்ள பள்ளமொன்று எஞ்சியிருக்கிறது, அதனை விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் மரமே அதனினும் மிகுதியாக ஊதிவிடும்.

அன்று கடிந்துகொள்ளப்பட்ட மாணவர் இப்போது தருவைகுளத்தில் படகுத் தச்சர். சென்ற மாதம் வந்திருந்தார். ஒரு கண்ணை மூடி மேசையை நோக்கினார், உள்ளங்கையால் தடவினார், அந்தப் பள்ளத்தின்மேல் விரலை வைத்தார். அவரிடம் பழைய வகுப்பைப் பற்றிச் சொல்லி, அன்று கேளாத மன்னிப்பைக் கேட்டேன்.

"அந்த அளவுகோல் இன்னும் இருக்கிறதா, ஐயா?" என்றார்.

சுவரில் ஆணியில் தொங்குகிறது என்று காட்டினேன்.