தோட்டமும் கிராமச் சபையும்: உள்ளூராட்சி உறுப்பினரின் சட்டக் கடமை பற்றி ஒரு வரலாற்று நோக்கு

உள்ளூராட்சி மன்ற உறுப்பினரின் நடத்தை பற்றி எம்மிடையே எழும் விவாதங்கள் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கம் பற்றியனவாகவே அமைந்து விடுகின்றன. இலஞ்சம் பெற்றவர் யார், குத்தகையை மைத்துனருக்கு வழங்கியவர் யார் என்பன அவ்விவாதங்களின் பொருள். இவை முக்கியமற்றவை என நாம் கூறவில்லை. ஆயின் உறுப்பினர் ஒருவர் முற்றிலும் நேர்மையாளராக இருந்து, சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியபோதும், தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களுக்கு ஒரு கிணற்றைத்தானும் வெட்டிக் கொடுக்க இயலாத நிலை இந்நாட்டின் மலையகத்தில் நெடுங்காலம் நிலவியது. அந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலேயர் காலத்து உள்ளூராட்சியின் தொடக்கத்தைக் கிராமத்தின் வயலிலே காணலாம். தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வயற்காரரின் பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலுவளித்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் அதனை விரித்து, கிராமக் குழுக்களையும் கிராம நியாயசபைகளையும் அமைத்தது. பண்டைய கன்சபாவ மீண்டும் உயிர்பெற்றது என அக்காலத்து அதிகாரிகள் பெருமையாகப் பேசினர். குழுவின் தலைமையில் அரசாங்க அதிபரோ அவரைச் சார்ந்த உத்தியோகத்தரோ அமர்ந்திருந்ததை நோக்கின், உயிர்பெற்றது எதுவென்பது ஐயத்துக்குரியதே. எவ்வாறாயினும், கிராமத்தவர் என்ற சொல்லின் வரைவிலக்கணமே எமக்கு முக்கியமானது. ஐரோப்பியரும் பறங்கியரும் அதற்குள் அடங்கவில்லை. தோட்டங்களில் உழைத்த இந்தியத் தொழிலாளரும் அடங்கவில்லை. முன்னவர் விலக்கப்பட்டது அவர்கள் கிராமத்துக்கு மேற்பட்டவர் என்பதால். பின்னவர் விலக்கப்பட்டது அவர்கள் தோட்டத்துரையின் பொறுப்பில் உள்ளவர் என்பதால். ஒரே வாசகம் இரு வேறு வர்க்கங்களுக்கு இரு வேறு பொருளைத் தந்தது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்ச் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரும் சட்டசபைத் தேர்தலில் வாக்காளராயினர். நாட்டின் சட்டசபைக்கு வாக்களிக்கக் கூடியவர் தாம் வாழும் இடத்தின் கிராமச் சபைக்கு வாக்களிக்க இயலாது என்ற முரண்பாடு அதனால் வெளிப்பட்டது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க உள்ளூராட்சி அமைச்சராக இருந்த வேளையில், 1937இல் கிராமச் சமுதாயங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா வந்தது. ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் இருந்த விலக்கை நீக்கிய அத்திருத்தம், இந்தியத் தொழிலாளர் மீதான விலக்கை விட்டுவைத்தது. இந்திய அரசாங்கம் கண்டனம் தெரிவித்தது. அதன் விளைவாக இனப்பெயர் நீங்கி, தோட்டக் குடியிருப்புகளில் வாழும் தொழிலாளர் என்ற பொதுச் சொற்றொடர் இடம்பெற்றது. லயத்தில் வாழ்ந்தவர் எவர் என்பதை அறிந்தார்க்கு இம்மாற்றத்தின் பெறுமதி விளங்கும். சட்டம் இனத்தைக் குறிப்பிடாமலே இனத்தை விலக்கக் கற்றுக்கொண்டது.

அதன் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவ்வாக்காளரை இடாப்பிலிருந்து அகற்றின. 1964, 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள், 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எனப் பிரசாவுரிமை சிறிது சிறிதாகவே மீண்டது.

இனி உறுப்பினரின் கடமைக்கு வருவோம். உள்ளூராட்சி உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் விதிகளுள் மிகக் கூர்மையானது கணக்காய்வு தொடர்பானது. சட்டத்துக்கு மாறாகச் செலவிடப்பட்ட தொகையைக் கணக்காய்வாளர் ஏற்க மறுத்து, அச்செலவைச் செய்தவரிடமிருந்தோ அதனை அனுமதித்தவரிடமிருந்தோ அறவிடலாம் என்பதே அவ்விதி. கவனக்குறைவினாலோ தகாத நடத்தையினாலோ விளைந்த நட்டமும் அவ்வாறே அறவிடப்படும். இவ்விதி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வறியோர் சட்ட நிருவாகத்திலிருந்து எமக்கு வந்தது. அது பிறந்த மண்ணிலேயே யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதை ஈண்டு நோக்குதல் தகும். இலண்டனின் வறிய பகுதியான பொப்லர் நகரசபை தன் ஊழியர்க்கு வாரம் நான்கு பவுண் குறைந்தபட்சக் கூலி வழங்கியது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் அது சமமாக இருந்தது. கணக்காய்வாளர் அதனை மிகையென மறுத்தார். 1925இல் பிரபுக்கள் சபை கணக்காய்வாளரின் பக்கமே தீர்ப்பளித்தது. உறுப்பினர் வரிசெலுத்துவோரின் பணத்துக்குப் பொறுப்பாளர் என்பதும், சமத்துவம் பற்றிய தம் கொள்கையை அப்பணத்தால் நிறைவேற்றுவது அவரது வேலையன்று என்பதுமே அத்தீர்ப்பின் சாரம். வாக்களித்த தொழிலாளி அத்தீர்ப்பில் எங்கும் தோன்றவில்லை.

இவ்வழியில் வந்த பொறுப்பு மலையகத்தில் எவ்வாறு செயற்பட்டது? 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தைத் தொடர்ந்து கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அவற்றின் இடத்தை நிரப்பியது. முதல் தேர்தல் 1991இல் நடைபெற்றது. இம்முறை தோட்டமக்களுள் பிரசாவுரிமை பெற்றோர் வாக்காளராகவும் வேட்பாளராகவும் நின்றனர். நுவரெலியா, அம்பகமுவ ஆகிய சபைகளில் அவர்கள் தெரிந்தனுப்பிய உறுப்பினர் பெருந்தொகையினராக அமர்ந்தனர். ஆயின் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையென்றே நடைமுறையில் கொள்ளப்பட்டு வந்தது. தோட்டம் தனியார் நிலம். அதன் வீதியும் கிணறும் வடிகானும் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதே காட்டப்பட்ட நியாயம்.

இந்நியாயத்தில் ஒரு விநோதம் உண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் உடைமையாகியிருந்தன. தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது 1992இல்தான். அதாவது 1987இல் அரசு தானே உடையதான நிலத்தில், தானே அமைத்த சபை, தன் பிரசைகளுக்குச் செலவிடுவதைத் தடுக்கும் விதியைச் சட்டத்தில் வைத்திருந்தது. தனியுடைமையைக் காக்க வேண்டிய தேவை அப்பொழுது இருக்கவில்லை. பழக்கமே சட்டமாகியது என நாம் கருதுகின்றோம். 1871இன் வரைவிலக்கணம் வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியேறி, செலவுக் கணக்கினுள் புகுந்துகொண்டது.

லயங்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஒரு பகுதியிலிருந்து தெரிவான உறுப்பினரைக் கற்பனை செய்வோம். மழைக்காலத்தில் லயத்தின் பின்புற வடிகான் உடைந்து மலக்கழிவு ஓடுகின்றது. பொதுச் சுகாதாரத்தைப் பேணுவது சபையின் கடமையென அதே சட்டம் கூறுகின்றது. அவ்வடிகானைத் திருத்தச் சபை தீர்மானித்தால், அத்தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவரிடமே கணக்காய்வாளர் தொகையைக் கேட்கலாம். திருத்தாவிடின் எவரும் எதையும் கேட்கமாட்டார். கேட்கக்கூடியவர் வாக்காளர் மட்டுமே, அவரது கேள்விக்குத் தேர்தல் நாள்வரை சட்டத்தில் இடமில்லை. உறுப்பினரை நீக்கும் அதிகாரமும் மேலேயே உள்ளது. 185ஆம் பிரிவின்படி, திறமையின்மை, கடமையைத் தொடர்ந்து தவறவிடல், தகாத நடத்தை, அதிகாரத் துஷ்பிரயோகம் முதலிய காரணங்களுக்காக, ஓய்வுபெற்ற நீதித்துறை உத்தியோகத்தரின் விசாரணையின் பின், அமைச்சர் தவிசாளரையோ உறுப்பினரையோ நீக்கலாம், சபையையே கலைக்கலாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் உள்ளூராட்சியை மாகாண விடயமாக்கியதால் இவ்வதிகாரம் மாகாண மட்டத்துக்கு இறங்கியது. இறங்கிய அதிகாரம் வாக்காளர்வரை வரவில்லை.

எனவே நேர்மையான உறுப்பினர் பலர் தோட்டவாயிலில் நின்றுகொண்டனர். சந்தியிலிருந்து தோட்டத்தின் எல்லைவரை தார் போட்டனர். எல்லைக்கு அப்பால் அமைச்சர்களின் நிதியையும் தொழிற்சங்கத் தலைவர்களின் தயவையும் நாடினர். உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியது கொடையாகக் கிடைத்தது. கொடைக்கு ஒரு கொடையாளி வேண்டும்; மலையகத்தின் அரசியலில் தலைவர் வழிபாடு வேரூன்றியமைக்கு இச்சட்ட ஏற்பாடும் ஒரு காரணமென்பதை எமது அரசியல் ஆய்வாளர் போதியளவு கவனித்திலர்.

2018ஆம் ஆண்டில் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கு வீதி, கிணறு முதலிய பொது வசதிகளைச் செய்யச் சபைகளுக்கு வழி திறந்தது. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் நுவரெலியாவும் அம்பகமுவவும் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்னும் புதிய சபைகள் உருவாகின. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவ்விரு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர் என்பதை நோக்கின், அப்பிரிப்பு எத்துணைக் காலங்கடந்தது என்பது தெளிவாகும்.

ஆயினும் திருத்தம் சபைக்கு அளித்தது அதிகாரமே. அதனைச் செய்தே தீரவேண்டுமென்ற கடமையை அது விதிக்கவில்லை. நிலமும் குத்தகைக் கம்பனிகளின் கையிலேயே இருந்தது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்தது. அவ்வாண்டுத் தேர்தல் நடத்தப்படவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி தேர்தல் நடக்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, தோட்ட எல்லைக்குள் செலவிடும் அதிகாரம் உத்தியோகத்தரின் மேசையிலேயே கிடந்தது.