மேனேஜரின் வழியும் பொறியாளரின் வழியும்

எட்டுப் பத்து ஆண்டுகள் கோட் எழுதிய மென்பொருள் பொறியாளர் யாரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது: மேனேஜர் ஆவதா, தொழில்நுட்பத்திலேயே மேலே போவதா? வெகுகாலம் இரண்டாவது வழி பெரும்பாலான இடங்களில் அடைத்தே கிடந்தது. சம்பளமும் மதிப்பும் உயர வேண்டுமானால் ஆட்களை நிர்வகித்தாக வேண்டியிருந்தது. விதிவிலக்காக, ஐபிஎம் 1960-களின் தொடக்கத்தில் 'ஃபெல்லோ' என்ற பதவியை ஏற்படுத்தி, யாரையும் நிர்வகிக்காமலே ஒரு பொறியாளர் நிறுவனத்தின் மேல்தட்டுக்குப் போக இடம் கொடுத்தது. இன்று அமெரிக்காவின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் மேனேஜர் வரிசைக்கு இணையாக சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல் என்று ஏறும் பொறியாளர் வரிசையும் இருக்கிறது.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கைநூல் உண்டு. கமீல் ஃபோர்னியரின் 'தி மேனேஜர்ஸ் பாத்' 2017-இல் வந்தது. தான்யா ரைலியின் 'தி ஸ்டாஃப் இன்ஜினியர்ஸ் பாத்' 2022-இல் வந்தது. இரண்டையும் வெளியிட்டது ஓரைலி பதிப்பகம். மேனேஜராக விரும்புகிறவர் முதல் நூலையும், மற்றவர் இரண்டாவதையும் வாங்கிப் படிப்பது இயல்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. ஒரு நூல் எழுப்பும் மிகக் கடினமான கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு மற்ற நூலின் வாசகரிடம்தான் இருக்கிறது.

அமைப்பு

ஃபோர்னியர், கோல்ட்மன் சாக்ஸில் பணியாற்றிவிட்டு, உடைகளை வாடகைக்கு விடும் நியூயார்க் நிறுவனமான ரென்ட் த ரன்வேயில் சேர்ந்து, அதன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனவர். வளரும் நிறுவனத்தில் படிப்படியாகப் பொறுப்பேற்றவரின் நூல் என்பது அதன் அமைப்பிலேயே தெரிகிறது. ஒரு மேனேஜரிடம் நாம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதில் தொடங்கி, புதியவருக்கு வழிகாட்டுவது, டெக் லீட், ஒருவரை நிர்வகிப்பது, ஓர் அணி, பல அணிகள், மேனேஜர்களுக்கு மேனேஜர், உயர்நிர்வாகம் என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் வேலையே மாறிவிடுகிறது என்பது அவர் நிலைநாட்டும் உண்மை.

ரைலி, கூகுளில் பன்னிரண்டு ஆண்டுகள், சிஸ்டங்கள் விழாமல் காக்கும் எஸ்.ஆர்.இ. பிரிவில் இருந்தவர், பிறகு ஸ்குவேர்ஸ்பேஸ் நிறுவனத்துக்குப் போனார். அவர் நூலில் படிகள் இல்லை. மூன்று திறன்கள் இருக்கின்றன: முழுமையையும் பார்ப்பது, எடுத்த வேலையை முடிப்பது, சுற்றியிருப்பவர்களை உயர்த்துவது. மூன்றுக்கும் அடித்தளம் தொழில்நுட்ப அறிவும் அனுபவமும். மேனேஜருக்கு அவருடைய வேலை என்ன என்பதை நிறுவனம் ஓரளவாவது சொல்லிவிடுகிறது. ஸ்டாஃப் இன்ஜினியருக்கு யாரும் சொல்வதில்லை. அதனால்தான் ரைலியின் முதல் அத்தியாயமே 'உங்கள் வேலைதான் என்ன?' என்ற கேள்வியில் தொடங்கி, அதை நீங்களே வரையறுத்து மேலதிகாரியோடு பேசி முடிவு செய்யுங்கள் என்கிறது.

அதிகாரம்

மேனேஜரிடம் அப்ரைசல் இருக்கிறது, சம்பள உயர்வு இருக்கிறது, யாருக்கு எந்த வேலை என்ற முடிவு இருக்கிறது. ஆகவே ஃபோர்னியர் அதிகம் பேசுவது அந்த அதிகாரத்தை அடக்கிப் பயன்படுத்துவது பற்றி. எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும் மேனேஜருக்கும், வேலையை ஒப்படைத்துவிட்டு விவரங்களை அறிந்துகொண்டே இருக்கும் மேனேஜருக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகக் காட்டுகிறார். தனித்தனியாக உட்கார்ந்து பேசும் ஒன்-ஆன்-ஒன் சந்திப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது. குறையோ நிறையோ ஆண்டுக் கடைசிவரை சேர்த்துவைக்காமல் அவ்வப்போது சொல்லிவிட வேண்டும்.

ஸ்டாஃப் இன்ஜினியரிடம் இந்தக் கருவிகள் எதுவும் இல்லை. அவர் சொல்வதைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. ஆகவே ரைலி பேசுவது இசைவைப் பெறுவது பற்றி. சாக்மேட்சர் என்ற கற்பனை நிறுவனத்தை வைத்து, சிக்கிக் கிடக்கும் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினைக்கு எல்லோரும் ஏற்கும் திசையை எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்று காட்டுகிறார். பின்னால் நிற்க மேலிடத்தில் ஓர் ஆதரவாளர் வேண்டும், முன்பே தோற்ற முயற்சிகளின் வரலாறு தெரிய வேண்டும், பலரோடு பேசிப் பேசித்தான் ஆவணம் உருப்பெற வேண்டும். ஒரு பொறியாளரின் செல்வாக்கைத் தனி ஆள், குழு, அவர் விலகிய பின்னும் தொடர்வது என்று மூன்று நிலைகளாகவும், அறிவுரை, கற்பித்தல், காப்பு வரம்புகள், வாய்ப்பளித்தல் என்று நான்கு வழிகளாகவும் அவர் பிரிக்கும் பட்டியல், இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகப் பயனுள்ள ஒன்று.

இரு வழிகளும் பிரியும் இடம் டெக் லீட் பொறுப்பு. நூலில் அதற்குத் தனி அத்தியாயம் இருந்தாலும், ஃபோர்னியர் அதைப் பதவி வரிசையின் ஒரு படியாகப் பார்க்கவில்லை. பலர் மாறி மாறி ஏற்கும் பொறுப்புகளின் தொகுப்பாகவே பார்க்கிறார். அதிகாரம் இல்லாமல் பிறரை நடத்தக் கற்கும் முதல் இடம் அது. மேனேஜர் அங்கிருந்து அதிகாரத்தை நோக்கி நகர்கிறார். ஸ்டாஃப் இன்ஜினியர் அந்த நிலையிலேயே ஆயுள் முழுக்க இருந்து, எல்லையை மட்டும் விரித்துக்கொண்டே போகிறார்.

நேரமும் அளவுகோலும்

மேனேஜர் கோட் எழுதுவதை நிறுத்த வேண்டுமா? ஃபோர்னியரின் விடை நிதானமானது. ஓர் அணியை நடத்தும்போது கோடோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாது. சீக்கிரம் விட்டால் தொழில்நுட்ப முடிவுகளில் அணியின் நம்பிக்கை போய்விடும். பல அணிகள் கைக்கு வந்தபின் நாள்தோறும் கோட் எழுதுவது நடக்காது. அப்போது அணியின் நலனை வேறு அறிகுறிகளில் படிக்க வேண்டும். ரிலீஸ் எத்தனை நாளுக்கொருமுறை போகிறது, கோட் எவ்வளவு அடிக்கடி சேர்க்கப்படுகிறது, சிஸ்டம் எத்தனை முறை விழுகிறது என்பவை அவர் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். நலிந்த அணியை, பிழையுள்ள நிரலைப் போலக் காரணம் தேடித்தான் சரிசெய்ய வேண்டும் என்கிறார்.

ரைலி ஒரு வேலையை ஏற்குமுன் ஐந்தைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார்: உடல் மன ஆற்றல், வாழ்க்கை நிறைவு, நம்பகத்தன்மை, பிறரிடம் உள்ள நல்லெண்ணம், திறமை. எந்த வேலை எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததற்கு அவர் வைக்கும் அளவுகோலும் கடுமையானது. கோட் எழுதி முடித்தது முடிவாகாது. பயனரின் கைக்குப் போய், எதற்காகத் தொடங்கினோமோ அது நடந்தால்தான் முடிவு.

இரண்டும் சந்திக்கும் முடிச்சு

தம் நூலுக்கு முன்பே ரைலி ஆற்றிய 'பீயிங் க்ளூ' (பசையாய் இருத்தல்) என்ற உரை துறையில் பரவலாகப் பேசப்பட்டது. புதியவருக்குக் கற்றுத்தருவது, விட்டுப்போன தேவைகளைக் கவனிப்பது, இரண்டு அணிகளைப் பேச வைப்பது, யாரும் எழுதாத ஆவணத்தை எழுதுவது ஆகியவற்றை ஒருவர் செய்யாவிட்டால் திட்டம் நிற்கும். இதே வேலையை ஸ்டாஃப் இன்ஜினியர் செய்தால் தலைமைப் பண்பு என்பார்கள். இளம் பொறியாளர் செய்தால், ப்ரோமோஷன் நேரத்தில் 'தொழில்நுட்பப் பங்களிப்பு போதவில்லை' என்று ஒதுக்கிவிடுவார்கள். பெண்களின் தலையில் இந்த வேலை அதிகமாக விழுகிறது என்பதையும் அந்த உரை சுட்டியது.

ரைலி அந்த இளம் பொறியாளருக்குச் சொல்லக்கூடியது, பதவி உயரும்வரை கோடில் கவனம் வை என்பதுதான். அது தற்காப்பு, தீர்வு வேறு. பசைபோன்ற இந்த இணைப்பு வேலையை எல்லோருக்கும் முறைவைத்துப் பங்கிட முடிந்தவர் மேனேஜர். அதை அப்ரைசலில் மதிப்பிட முடிந்தவரும் அவர்தான். அதாவது ஃபோர்னியரின் வாசகர். ஃபோர்னியர் பதவி வரிசையை எழுத்தில் வடிப்பதை நிறுவனப் பண்பாட்டின் பகுதியாகவே பார்க்கிறார். ரென்ட் த ரன்வேயின் பொறியாளர் பதவி வரிசையைப் பொதுவில் வெளியிட்டவரும் அவரே. அப்படி எழுதும்போது எந்த வேலை பெயர் பெறுகிறதோ அதற்குத்தான் பலன் கிடைக்கும். பெயர் பெறாத வேலையைச் செய்தவர் களைத்துப்போய் வெளியேறுவார்.

போதாமை

இரண்டு நூல்களும் சொந்தமாக மென்பொருள் உருவாக்கும் அமெரிக்க நிறுவனங்களை மனத்தில் கொண்டவை. சென்னையின் சேவை நிறுவனங்களில் வேலை செய்துகொண்டு இவற்றைப் படிக்கிறவருக்கு இடைவெளி உடனே தெரியும். வாடிக்கையாளர் தரும் பணம் ஆட்களின் எண்ணிக்கையோடும் மணிநேரத்தோடும் கட்டப்பட்ட திட்டத்தில், ஒரு மூத்த பொறியாளரின் தொலைநோக்கு எந்தக் கணக்கிலும் ஏறாது. பத்துப் பேரை நடத்தும் லீடின் வேலை உடனே ஏறும். பலர் விருப்பத்தால் அல்லாமல் வேறு வழியின்றி மேனேஜர் ஆவதற்கு இது ஒரு காரணம். இந்தப் பொருளாதாரத்தைப் பற்றி இரண்டு நூல்களிலும் விடை இல்லை. பொறியாளர் வரிசை தாளில் இருந்தால் போதாது. அதற்கான வேலையும் நிறுவனத்தில் இருக்க வேண்டும்.

எது சிறந்தது என்று கேட்டால், எழுத்தின் தெளிவிலும் படிப்படியான பயிற்சியிலும் ஃபோர்னியர் ஒரு படி முன்னே. அதிகம் விளக்கப்படாத ஒரு வேலையைப் பிரித்துக் காட்டியதில் ரைலி முன்னே. முடிவெடுக்கத் தவிப்பவர் முதலில் படிக்க வேண்டியது ஃபோர்னியரின் டெக் லீட் அத்தியாயம். மேனேஜராகவும் மூத்த பொறியாளராகவும் வாழ்வதை நாம் எப்படிக் கற்பனை செய்கிறோம், உண்மையில் அது எப்படி இருக்கும் என்று அங்கே எதிரெதிரே வைத்திருக்கிறார். எடுத்த முடிவு நிரந்தரமும் அல்ல. மென்பொருள் பொறியாளர் சாரிட்டி மேஜர்ஸ் 2017-இல் எழுதி, பலரும் மேற்கோள் காட்டும் கட்டுரை ஒன்று, சில ஆண்டுகள் மேனேஜராகவும் சில ஆண்டுகள் பொறியாளராகவும் மாறி மாறி இருப்பது இரண்டு வேலையையும் கூர்மையாக்கும் என்று வாதிடுகிறது.

ஏற்கெனவே ஒரு வழியில் நடப்பவருக்கு என் பரிந்துரை எளியது: மேனேஜர் ரைலியைப் படிக்கட்டும், பொறியாளர் ஃபோர்னியரைப் படிக்கட்டும். தன் அணியின் மூத்த பொறியாளர் செய்யும், கண்ணில் படாத வேலை எது என்று அறிந்த மேனேஜரால்தான் அதற்கு நியாயம் செய்ய முடியும். தன் மேனேஜரின் கையில் எந்த முடிவுகள் இருக்கின்றன என்று அறிந்த பொறியாளரால்தான் சரியானதை, சரியான நேரத்தில், சரியான ஆளிடம் கேட்க முடியும்.