ரொக்கம் மட்டும்!

1902, ஏப்ரல் 14. திங்கட்கிழமை. அமெரிக்காவின் வயோமிங் மாகாணத்தில் கெம்மரர் என்று ஓர் ஊர். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரம். மரம் மட்டை கிடையாது. காற்று பிய்த்துக்கொண்டு போகும். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். ஜனத்தொகை சுமார் ஆயிரம். அந்த ஆயிரம் பேருக்கு எத்தனை சாராயக்கடை தெரியுமா? இருபதுக்கும் மேலே!

அப்பேர்ப்பட்ட ஊரில் அன்றைக்கு விடியற்காலையில் ஒரு புதுக்கடை திறந்தார்கள். ஒரே அறை கொண்ட மரக்கட்டடம். உள்ளே சட்டை, கால்சராய், காலுறை, பூட்ஸ், துணித்தான்கள். முதலாளிக்கு வயது 26. பெயர் ஜேம்ஸ் கேஷ் பென்னி.

பெயரைக் கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றால் ரொக்கம். 'பென்னி' என்றால் செப்புக்காசு. ஏதோ வியாபாரத்துக்காக வைத்துக்கொண்ட பட்டப்பெயர் இல்லை, அப்பா அம்மா வைத்த நிஜப் பெயரே அதுதான். 'ரொக்கக் காசு' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், கடையில் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருந்தார். இங்கே கடன் கிடையாது. ரொக்கம் மட்டும்!

கேட்ட ஊர் சிரித்தது. 'இது தேறாது தம்பி' என்கிற தோரணையில் உள்ளூர் பாங்க்காரர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏன் என்று புரிய வேண்டுமானால், அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளியின் மளிகைக் கணக்கை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுரங்க ஊர் என்றால் எல்லாமே கம்பெனிதான். குடியிருக்கும் வீடு கம்பெனியுடையது. வைத்தியர் கம்பெனி ஆள். மாவும் சர்க்கரையும் பன்றிக்கறியும் வாங்கும் கடையும் கம்பெனிக் கடை. சம்பளம் மாதம் ஒருமுறையோ இருமுறையோதான் வரும். நடுவில் அடுப்பு எரிய வேண்டுமே? 'அதனாலென்ன, நோட்டில் எழுதிக்கொள்கிறோம், எடுத்துக்கொண்டு போ' என்பார்கள்.

பல ஊர்களில் இதற்கு ஒரு படி மேலே போனார்கள். சம்பளத்துக்கு முன்பணம் கேட்டால், காசுக்குப் பதிலாகக் கம்பெனியே அச்சடித்த சீட்டு அல்லது பித்தளை வில்லை கொடுத்தார்கள். 'ஸ்க்ரிப்' என்று பெயர். கம்பெனிக் கடையில் அது செல்லும். வெளியே கொண்டுபோனால், வாங்குகிறவன் முகமதிப்பைவிடக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வான்.

சம்பள நாள் வரும். கவுண்ட்டரில் போய் நின்றால் என்ன நடக்கும்? வீட்டு வாடகை கழித்தாயிற்று. வைத்தியர் கட்டணம் கழித்தாயிற்று. விளக்கு எண்ணெய்க்கு, கடப்பாறையைக் கூர்தீட்டிய கொல்லனுக்கு, ஏன்... பாறையைப் பிளக்கிற வெடிமருந்துக்குக்கூட அந்தத் தொழிலாளிதான் காசு கொடுக்க வேண்டும்! எல்லாம் போக, கடைசியில் கடை பாக்கி. கையில் மிஞ்சுவது நாலு காசு. சில மாதங்களில் அதுவும் இல்லை.

கடையில் விலை அதிகம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? பாக்கி வைத்திருக்கிறவன் எந்த வாயால் விலை கேட்பான்!

சரி, அந்தக் காலத்து விலைவாசி எப்படித்தான் இருந்தது? 'அப்பல்லாம் எல்லாமே சல்லிசு' என்று தாத்தாக்கள் சொல்வது உலகம் பூராவும் உண்டு. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ஊர் ஊராகக் கடைகளில் விலை விசாரித்து எழுதி வைத்திருக்கிறது. 1913-ம் வருடத்துச் சராசரியைப் பாருங்கள். ஐந்து பவுண்டு கோதுமை மாவு பதினாறரை சென்ட். ஐந்து பவுண்டு சர்க்கரை இருபத்தேழரை சென்ட். ஒரு டஜன் முட்டை முப்பத்து நாலரை சென்ட். ஒரு பவுண்டு வெண்ணெய் முப்பத்தெட்டு சென்ட் சொச்சம். பத்து பவுண்டு உருளைக்கிழங்கு பதினேழு சென்ட்.

அட, ஒரு டாலரை மாற்றினால் அரை மூட்டை சாமானோடு வீட்டுக்கு வந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அந்த ஒரு டாலரைச் சம்பாதிக்க எவ்வளவு நேரம் பாடுபட வேண்டும்? 1914-ல் அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளியின் சராசரிக் கூலி மணிக்குச் சுமார் 22 சென்ட். அப்படியானால் ஒரு டஜன் முட்டை என்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு! ஒரு பவுண்டு வெண்ணெய், ஒண்ணே முக்கால் மணி நேரம். இன்றைய அமெரிக்கத் தொழிலாளிக்கு முட்டை என்பது சில நிமிடக் கூலி. ஆக, அன்றைக்குச் சென்ட்தான் சின்னது... விலை ஒன்றும் சின்னதில்லை.

இப்படி ஒவ்வொரு சென்ட்டுக்கும் வியர்வை சிந்துகிற ஊரில், கம்பெனிக் கடை விலையில் கூடுதலாக வைக்கிற இரண்டு சென்ட் என்பது, ஒரு குழந்தையின் காலுறையாக, ஒரு வேளைப் பாலாக இருந்தது. அந்த இரண்டு சென்ட்டைத்தான் பென்னி குறிவைத்தார்.

அவருக்குக் காசின் அருமை சின்ன வயசிலேயே தெரியும். மிசௌரி மாகாணத்தில் ஹாமில்டன் என்ற சிற்றூரில் 1875-ல் பிறந்தவர். அப்பா விவசாயி, சம்பளம் வாங்காத மத போதகரும்கூட. பையனுக்கு எட்டு வயது ஆனதும், 'இனி உன் துணிமணியை நீயே சம்பாதித்து வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட்டார். பையன் பன்றி வளர்த்தான். நாற்றம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, அப்பா விற்கச் சொல்லிவிட்டார். அடுத்து தர்பூசணி பயிரிட்டு, சந்தை வாசலில் வண்டியை நிறுத்திக் கூவி விற்றான். அங்கேயும் அப்பா வந்து நின்றார். 'உள்ளே கடை போட்டிருக்கிறவர்கள் கட்டணம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நீ காசு கட்டாமல் வெளியே விற்பது நியாயமா? நட வீட்டுக்கு!'

வளர்ந்து, உள்ளூர் ஜவுளிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தபோது சம்பளம் மாதம் 2 டாலர் 27 சென்ட். உடம்பு சரியில்லை, வறண்ட காற்று வேண்டும் என்று வைத்தியர் சொன்னதால் கொலராடோவுக்குப் போனார். லாங்மான்ட் என்ற ஊரில் ஓர் இறைச்சிக் கடையை வாங்கினார். கடையின் பெரிய வாடிக்கையாளர் ஓர் ஓட்டல். அங்கே சமையல்காரருக்கு வாரம் ஒரு புட்டி விஸ்கி 'மாமூல்' தந்தால்தான் ஆர்டர் வரும். பென்னி தர மறுத்தார். ஆர்டர் நின்றது. கடையும் மூழ்கியது.

அதே ஊரில் காலஹான், ஜான்சன் என்ற இருவர் 'கோல்டன் ரூல்' என்ற பெயரில் ஜவுளிக் கடை நடத்தினார்கள். மற்றவர் உனக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறாயோ, அப்படியே நீ மற்றவருக்குச் செய் என்கிற பைபிள் போதனைதான் அந்தப் பெயர். பென்னியை வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். ஆள் தேறினான். 'புதுக்கடை போடலாம், மூன்றில் ஒரு பங்கு உனக்கு' என்றார்கள். மொத்த முதல் 6,000 டாலர். இவர் பங்கு 2,000. கையில் இருந்ததோ 500! மீதி 1,500-ஐ சொந்த ஊர் பாங்க்கில் கடன் வாங்கினார்.

ஆமாம், 'கடன் கிடையாது' என்று போர்டு மாட்டியவர், கடன் வாங்கித்தான் கடை திறந்தார். இந்த விஷயத்தை மனசின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

கடைக்கு மேலே பரண் மாதிரி இருந்த இடத்தில் குடித்தனம். சரக்கு வந்த கள்ளிப்பெட்டிகளே மேஜை நாற்காலி. மனைவி பெர்ட்டாவும் கடையில் நின்று வியாபாரம் பார்ப்பார். கைக்குழந்தை கவுண்ட்டருக்கு அடியில் தூங்கும். முதல் நாள் சூரியன் உதிக்கும்போது திறந்த கடையை நள்ளிரவில் மூடினார்கள். கல்லாவை எண்ணினால்... 466 டாலர் 59 சென்ட்!

மணிக்கு 22 சென்ட் கூலி என்கிற காலத்தை விட்டு அப்பால் போகாமல் இந்தத் தொகையைப் பாருங்கள். காசே இல்லை என்று பாங்க்காரர் சொன்ன ஊரில், ஒரே நாளில் அவ்வளவு ரொக்கம்! முதல் வருட விற்பனை 28,898 டாலரைத் தொட்டது.

எப்படிச் சாத்தியமாயிற்று? மந்திரம் எதுவும் இல்லை. கடன் கொடுக்கிற கடைக்காரர், திரும்பி வராத பாக்கியை எங்கே கொண்டுபோய் எழுதுவார்? ஒழுங்காகக் கொடுக்கிறவர் வாங்கும் சரக்கின் விலையில்தான்! கணக்கெழுதுகிற குமாஸ்தாவின் சம்பளமும் அதே விலையில்தான் ஏறும். பென்னிக்கு இரண்டும் இல்லை. கையில் ரொக்கம் புரண்டதால் மொத்த வியாபாரியிடம் தள்ளுபடி கேட்டு வாங்க முடிந்தது. லாபத்தைக் குறைவாக வைத்து, சரக்கை வேகமாகத் தள்ளினார். எல்லோருக்கும் ஒரே விலை. பேரம் கிடையாது. இத்தாலியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிழைக்க வந்து, ஆங்கிலம் அரைகுறையாகப் பேசிய சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கு, எழுதி ஒட்டிய ஒரே விலை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

அதற்காகக் கடன் கொடுத்த கடைகள் எல்லாம் கொள்ளைக்காரக் கூடாரம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேலைநிறுத்தம் வந்தால்? சுரங்கம் ஒரு மாதம் மூடிக் கிடந்தால்? அப்போது ரொக்கக் கடை வாசலில் நின்று என்ன பிரயோஜனம்? நோட்டில் எழுதிக்கொண்டு மாவு கொடுத்த கடைதான் குழந்தைகளின் வயிற்றை நிரப்பியது. 1923, ஆகஸ்ட் 14. கெம்மரருக்குப் பக்கத்திலேயே இருந்த ஃப்ரான்டியர் சுரங்கத்தில் வெடிவிபத்து. 99 பேர் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட ஊரில், நாளைய சம்பளம் நிச்சயம் என்று யாரால் சொல்ல முடியும்? ரொக்கம் என்பது, கையில் காசு இருக்கிற நாளுக்கான நியாயம். இல்லாத நாளுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

விலைவாசியும் சும்மா இருக்கவில்லை. முதல் உலக யுத்தம் வந்தது. 1913-ல் பவுண்டு ஐந்தரை சென்ட்டுக்கு விற்ற சர்க்கரை, 1920-ன் சராசரியில் பத்தொன்பது சென்ட்டைத் தாண்டியது. பதினேழு சென்ட்டுக்குக் கிடைத்த பத்து பவுண்டு உருளைக்கிழங்கு, அறுபத்து மூன்று சென்ட். முட்டை டஜன் அறுபத்தெட்டு! காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஜனங்கள், மலிவாக விற்கிற கடையை இன்னும் தேடிப் போனார்கள்.

பென்னி 1907-ல் கூட்டாளிகளின் பங்கை வாங்கிக்கொண்டார். 1913-ல் கம்பெனிக்கு 'ஜே.சி. பென்னி' என்று பெயர் மாறியது. நல்ல மானேஜருக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்து அடுத்த ஊரில் கடை வைக்கிற அதே பழைய வழிதான். 1920-கள் முடிவதற்குள் அமெரிக்கா பூராவும் ஆயிரத்துக்கு மேல் கடைகள்!

பிறகு வருகிறேன் என்றேனே... அந்த விஷயம் இதுதான். கோடீஸ்வரரான பென்னி, ஃப்ளோரிடாவில் தர்ம காரியங்களை எக்கச்சக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்காகத் தன் கம்பெனிப் பங்குகளை அடமானம் வைத்து பாங்க்குகளில் கடன் வாங்கினார். 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. சொத்து மொத்தமும் கரைந்தது. உடம்பும் மனசும் உடைந்து, பேட்டில் க்ரீக் ஊர் ஆரோக்கிய நிலையத்தில் போய்ப் படுத்தார். கடன் கொடுக்க மாட்டேன் என்ற சபதத்தைக் கடைசி வரை காப்பாற்றியவர், வாங்க மாட்டேன் என்று ஒரு சபதம் எடுக்க மறந்துவிட்டார்! நல்லவேளை, கம்பெனி நின்றது. அவரும் மீண்டு வந்து 1971-ல் 95 வயதில்தான் காலமானார்.

அதற்கு முன்பே, 1958-ல், அவருடைய கம்பெனியே வாடிக்கையாளருக்குக் கடன் அட்டை கொடுக்க ஆரம்பித்துவிட்டது. கிழவருக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. காலம் கேட்கவில்லை. 2020 மே மாதம், கொரோனாவில் கடைகள் மூடிக் கிடந்தபோது, பல நூறு கோடி டாலர் கடனைச் சமாளிக்க முடியாமல் அதே கம்பெனி திவால் மனு கொடுத்தது. மனுவின் மேலே இருந்த பெயர் என்ன? ஜேம்ஸ் 'ரொக்கம்' பென்னியின் பெயர்தான்!

நம்ம ஊர்க் கடைகளில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று ஒரு போர்டு தொங்குமே, பார்த்திருப்பீர்கள். தமாஷாகத்தான் எழுதியிருப்பார்கள். அடுத்த முறை பார்க்கும்போது ஒரு நிமிஷம் நின்று, விலைச் சீட்டையும் பாருங்கள். அந்த விலையில் யாருடைய பழைய பாக்கி ஒளிந்திருக்கிறது என்று யோசியுங்கள். 1902-ல் கெம்மரரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி, நாலு காசை முந்தானையில் முடிந்துகொள்வதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் புதுக்கடைக்குள் நுழைந்தபோது யோசித்ததும் அதைத்தான்.