மடுவத்துக் கேள்வி

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவது தோட்டத்துரையின் கடமை என்றது அச்சட்டம். பத்து வயதுக்கு மேல் பிள்ளை கொழுந்து மலைக்குரியது என்பது அதில் எழுதப்படாத வாசகம்.

எழுத்தும் எண்ணும் போதும் என்பதே அக்காலக் கணக்கு. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1896இல், சிக்காகோவில் ஜோன் டூயி தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் நெய்தும் சமைத்தும் தச்சுவேலை செய்தும் தாமே தேடிக் கற்றார்கள். அந்தக் காற்று ஊவா மலைக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்றது.

எண்பதுகளின் இறுதியில், பதுளைக்கு அப்பால் அத்தகைய ஒரு பாடசாலையில் நான் படித்தேன். தடுப்பில்லாத ஒரே மண்டபம். ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். கணக்குப் பாடத்தில் ஒருநாள் எழுந்து கேட்டேன்: "சேர், தராசில அம்மாவோட கொழுந்து பதினெட்டு கிலோ நின்னிச்சு. மடுவத்தில பதினாறுன்னு எழுதுறாங்க. ரெண்டு கிலோ எங்க போச்சு?" பிரம்புதான் பதில் சொன்னது. அவரைக் குறைகூற மனம் வரவில்லை. அந்தக் கேள்வி அவரையும் அச்சுறுத்தியிருக்க வேண்டும்.

1998இல் கம்பஹாவில் பரீட்சித்து, 1999இல் நாடெங்கும் முதலாம் தரத்தில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என மூன்று வழிகளைத் தந்தது. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடமும் இருந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் அது மாதிரி வினாத்தாள்களுக்குள் புதைந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

இந்துக் கல்லூரியில் மேல்வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் லீவில் நின்ற வாரம் நாலாம் தரத்துக்குப் போனேன். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்றேன். "மிச்சம் மூன்றரை?" என்றார்கள். நான் சொல்லவில்லை. நூறு கிராம் கொழுந்தை நிறுத்து, யன்னலோரம் உலர்த்தி, நாள்தோறும் நிறுத்தார்கள். தண்ணீர் என்று தாங்களே கண்டார்கள்.

அப்போது ஒரு சிறுமி எழுந்தாள்: "மடுவத்தில கழிக்கிறதும் தண்ணிக்கா, சேர்?"

"தண்ணிக்கும் சாக்குக்கும் என்கிறார்கள். நிறுத்துப் பார்ப்போமா?" என்றேன்.

மறுநாள் காலையில் அவள் ஒரு கொழுந்துச் சாக்கை ஈரத்தோடு சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.