புள்ளி போடுபவருக்குப் பள்ளி உண்டா?

சுங்கை பட்டாணியோ, கூலிமோ, பீடோங்கோ... கெடா மாநிலத்தில் எந்த ஊர் மண்டபத்தில் போட்டி நடந்தாலும் கடைசிக் காட்சி ஒன்றுதான். ஒலிபெருக்கியில் வெற்றியாளரின் பெயர் ஒலிக்கும். ஒரு மூலையில் கைத்தட்டல். இன்னொரு மூலையில் சலங்கையைக்கூட அவிழ்க்காத சிறுமி ஒருத்தி அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். "ஏம்மா எனக்குக் கிடைக்கல?"

அம்மாவுக்குப் பதில் தெரியாது. பயிற்சி கொடுத்த ஆசிரியருக்கும் தெரியாது. புள்ளித்தாள் ஏற்பாட்டாளரின் கோப்புக்குள் போயிருக்கும். மேடையிலிருந்து ஒரே ஒரு வாசகம் மட்டும் வரும்: "நீதிபதிகளின் தீர்ப்பே இறுதியானது."

இறுதியானது, சரி. அது சரியானதுதானா? ஆடியவள் ஏழெட்டு ஆண்டு பயின்றவள். அவளுக்குப் புள்ளி போட்டவர் எங்கே பயின்றார்? இது இன்று நேற்று எழுந்த கேள்வியல்ல. தமிழனின் கலை வரலாற்றில் இதற்கு நீண்ட கதை உண்டு.

மாதவிக்கு முன் ஆசிரியர்கள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்வோம். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் பெற்றாள். இது பலருக்கும் தெரிந்த கதை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாதவி ஆடுவதற்கு முன்பே இளங்கோவடிகள் ஒரு நீண்ட பட்டியல் போடுகிறார். ஆடலாசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இசையாசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், பாடல் புனையும் புலவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதி என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மேடையைக்கூட விடவில்லை. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். அந்தக் கோலின் நீளமும் இருபத்து நான்கு பெருவிரல் அளவு என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. தூணின் நிழல் ஆடுபவள் மேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரை கணக்கு இருக்கிறது.

ஆடுபவளை அளப்பதற்கு முன் அவளைச் சுற்றியிருக்கும் அனைத்தும் அளக்கப்பட்டன. அளவுகோலுக்கே அளவு இருந்த காலம் அது!

பரத முனிவரின் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. நாடகங்கள் போட்டியிடும்போது மதிப்பிடுவோர் யார் யார் என்று அது வகை பிரிக்கிறது. வேள்வி அறிந்தவர், நடிகர், யாப்பு வல்லவர், இலக்கண அறிஞர், வில் வித்தை தெரிந்தவர், ஓவியர், கணிகை, இசைவாணர், அரசர், அரசு அலுவலர் எனப் பத்துப் பேர். சண்டைக் காட்சியை வில்லாளி பார்க்கட்டும், உச்சரிப்பை இலக்கண அறிஞர் பார்க்கட்டும், வேடத்தையும் வண்ணத்தையும் ஓவியர் பார்க்கட்டும் என்பது அந்த ஏற்பாட்டின் பொருள். அவரவர் அறிந்ததற்கு மட்டுமே அவரவர் தீர்ப்பு. மதிப்பிடுவோர் மேடைக்கு மிக அருகிலும் உட்காரக் கூடாது, மிகத் தொலைவிலும் உட்காரக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு.

அரசன் மனம் அறிந்த சபை

விதி இருந்தால் மட்டும் போதுமா? பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'இசைவாது வென்ற படலம்' என்று ஒரு படலம் உண்டு. பாணபத்திரரின் மனைவிக்கும் ஈழத்திலிருந்து வந்த பாடினி ஒருத்திக்கும் பாண்டியன் அவையில் இசைப் போட்டி. ஈழத்துப் பாடினி வெல்ல வேண்டும் என்பது அரசனின் உள்விருப்பம். அவையில் இருந்தவர்களோ இசை அறியாதவர்கள் அல்லர். ஆனாலும் அரசன் மனம் அறிந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

பத்திரர் மனைவி அழுதுவிட்டுப் போகவில்லை. இந்த அவை அரசன் முகம் பார்த்துப் பேசுகிறது, போட்டி கோயிலில் நடக்கட்டும் என்று கேட்டாள். சொக்கநாதர் சந்நிதியில் பாடினாள், வென்றாள்.

பக்திக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதில் கூர்மையான ஒரு பாடம் இருக்கிறது. அறிவில்லாத நடுவர் ஒருவகை ஆபத்து. அறிவிருந்தும் முன்வரிசையில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும் நடுவர் இன்னொரு வகை ஆபத்து. முதலாமவருக்குப் பயிற்சி வேண்டும். இரண்டாமவருக்கு முன்வரிசையை மறைக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

தோட்டம் அறிந்த தராசு

இனி கடாரத்துக்கு வருவோம். 1909இல் கெடா பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. காடுகள் அழிந்து ரப்பர் தோட்டங்கள் பெருகின. தமிழகக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் லயங்களில் குடியேறினார்கள். மாரியம்மனையும் முனியாண்டியையும் கொண்டு வந்ததுபோல் கூத்தையும் உறுமியையும் கொண்டு வந்தார்கள்.

இந்த மக்களுக்குத் தீர்ப்பு என்பது தினசரி அனுபவம். விடியுமுன் மரம் வெட்டி, பால் எடுத்து, வாளியைச் சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு வருவார்கள். கிராணி நிறுப்பார். 'மெட்ரோலாக்' என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். அந்த எண்ணில்தான் அன்றைய கூலி இருந்தது. தராசு சரியா, கருவி சரியா, அதைப் படிக்கிறவர் கண் சரியா என்ற கவலை தோட்டத்துத் தாய்மாருக்கு ஊறிப்போன ஒன்று.

போருக்குப் பின் 1946, 47ஆம் ஆண்டுகளில் பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்தது. தொழிலாளியின் மானத்தைப் பேசியது. யாரோ ஒருவர் எழுதும் கணக்கைக் கேள்வியின்றி ஏற்க மாட்டோம் என்று சொல்லத் துணிந்த தலைமுறை அது.

ஆனால் கலை மேடையில் அந்த மக்களுக்குத் தராசு தேவைப்படவில்லை. கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும்போது பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டமே நடுவர். அடி பிசகினால் முன்னால் இருக்கும் பெரியவர் முகத்தைச் சுளிப்பார். மறுநாள் வெட்டுக்காட்டில் ஆளுக்கு ஆள் விமர்சனம். "தருமன் வேஷம் நல்லாத்தான் இருந்தது, பாட்டுல சுருதி விலகிடுச்சு." அதுதான் புள்ளித்தாள். காரணம் சொல்லாத தீர்ப்பு அங்கே கிடையாது.

திருநாளும் மேடையும்

1952இல் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டிய அந்த விழா மலாயா முழுவதும் பரவியது. பேச்சு, கட்டுரை, பாட்டு என்று போட்டிகள் பெருகின. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்தது. பெரிய நன்மை அது. அதோடு கூட்டம் இருந்த இடத்தில் மேசையும் மூன்று நாற்காலியும் வந்தன. நாற்காலியில் தலைமையாசிரியர் உட்கார்ந்தார், கிராணியார் உட்கார்ந்தார், நன்கொடை தந்தவர் உட்கார்ந்தார். நல்ல மனிதர்கள்தாம். எல்லாருக்கும் எல்லாமும் தெரியுமா என்பதுதான் கேள்வி.

பிறகு காலம் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்துப் பிள்ளைகள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்தார்கள். உறுமியும் கூடவே வந்தது, உறுமி மேளப் போட்டிகளும் வந்தன. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ தொடங்கியது. 2003இல் அகாடமி ஃபந்தாசியா வந்தபோது, கைப்பேசிக் குறுஞ்செய்தி எண்ணிக்கையே வெற்றியாளரைத் தீர்மானித்தது. நடுவர் வேண்டாம், வாக்குப் போதும் என்ற எண்ணமும் பரவியது. வாக்கு ஒருவருக்கு எவ்வளவு ஆதரவு என்று சொல்லும். எங்கே சுருதி விலகியது என்று அது சொல்லாது.

கீழ்ப்படியில்தான் சிக்கல்

இன்று மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவானாலும், பள்ளிகளுக்கான செந்தமிழ் விழாவானாலும் படிமுறை ஒன்றுதான். முதலில் வட்டாரம் அல்லது மாவட்டம், பிறகு மாநிலம், பிறகு தேசியம். மேலே போகப் போக நடுவர்கள் பெயர் பெற்றவர்களாக இருப்பார்கள். கீழே, நேரம் கிடைத்தவர்கள் உட்காருவார்கள். இது இயல்பாக எங்கும் நடப்பது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தேசிய நிலையில் நடுவர் தவறினால் முதல் பரிசு இரண்டாம் பரிசாகும். வட்டார நிலையில் தவறினால் அந்தக் குழந்தை மேலே போகவே முடியாது. மேலே இருக்கும் அறிஞர் அவள் குரலைக் கேட்கப் போவதே இல்லை. திருத்த முடியாத தவறு கீழ்ப்படியில்தான் நடக்கிறது. அப்படியானால் பயிற்சி முதலில் தேவைப்படுவது எங்கே?

இன்னொரு சிக்கலும் உண்டு. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால்தான் அந்த உறுமல் வரும். மறுமுகத்தில் அடி விழும். மிருதங்கம் மட்டுமே அறிந்த ஒருவர் அதில் சொற்கட்டைத் தேடினால் ஏமாறுவார், உறுமலின் அழகையும் தவறவிடுவார். தெருக்கூத்தைப் பரதநாட்டிய முத்திரையால் அளந்தாலும் அப்படித்தான். தேவாரம் பாடும் பிள்ளைக்குப் புள்ளி போடுபவருக்குப் பண் தெரிய வேண்டும். சினிமாப் பாட்டின் குழைவை அங்கே எதிர்பார்த்தால் யார் தவறு?

உலகம் கற்ற பாடம்

இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் பித்தளை வாத்தியக் குழுக்கள் வைத்திருந்தார்கள். 1853இல் மான்செஸ்டர் நகரின் பெல் வியூ பூங்காவில் அவர்களின் பெரிய போட்டி தொடங்கியது. நம் தோட்டத்து உறுமிக் குழுக்களைப் போலவே ஊர் மானம் அதில் அடங்கியிருந்தது. அதனால் நடுவர்களை மூடிய கூடாரத்துக்குள் உட்கார வைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. எந்த ஊர்க் குழு வாசிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. காது மட்டும்தான் வேலை செய்யும். இசைக்குப் பின்னால் இருக்கும் முகம் மறைக்கப்பட்டது.

அகில இந்திய வானொலி, அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் 1952இல் குரல் தேர்வு முறையைக் கொண்டு வந்தபோது கலைஞர்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. ஆனாலும் தரம் பிரிக்கும் முறை நிலைத்தது. பெயரை மறைத்து ஒலிப்பதிவைக் கேட்பதும் அதன் பகுதியானது. யாழ்ப்பாணத்தில் 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, இன்ன தரத்துக்கு இன்ன பாடம் என்று வகுத்துத் தேர்வு நடத்தியது. எதைக் கேட்கப் போகிறார்கள் என்பது மாணவருக்கும் தெரியும், தேர்வாளருக்கும் தெரியும்.

2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடிப் பனிச்சறுக்கு நடனப் போட்டியில், பிரெஞ்சு நடுவர் தமக்கு நெருக்குதல் இருந்ததாகச் சொன்னது உலகையே உலுக்கியது. கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுக்க நேர்ந்தது. அதோடு நிற்கவில்லை. ஆறு புள்ளி என்ற பழைய முறையே 2004இல் கைவிடப்பட்டு, ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனி மதிப்பு என்ற முறை வந்தது.

நேர்மையான நடுவரும் தவறலாம். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற ராணி எலிசபெத் இசைப் போட்டியின் முடிவுகளை ஆராய்ந்து 1996இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிந்திய நாள்களில் வாசித்தவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. வாசிக்கும் வரிசையோ சீட்டுப் போட்டு எடுக்கப்பட்டது! உலகத் தரமான நடுவர்களுக்கே இந்த நிலை என்றால், காலை எட்டு மணிக்குத் தொடங்கி நாற்பது பிள்ளைகளைக் கேட்கும் வட்டார நடுவரின் நிலை என்ன?

அரை நாள் போதும்

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. போட்டிக்கு முன் அரை நாள் நடுவர்கள் கூடலாம். பழைய ஒலிப்பதிவு இரண்டு மூன்றைக் கேட்டு ஆளுக்குத் தனித்தனியாகப் புள்ளி போடலாம். ஒருவர் எண்பது, ஒருவர் ஐம்பது என்று வந்தால் ஏன் என்று பேசலாம். தராசைச் சரிபார்ப்பது என்பது இதுதான். தம் மாணவரோ உறவினரோ மேடையேறினால் அந்த முறை புள்ளி போடாமல் ஒதுங்கலாம். முதல் போட்டியாளருக்குப் போட்ட புள்ளியைப் பாதியில் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். உறுமிக்கு உறுமி அறிந்த மூத்தவர் ஒருவரையாவது அமர்த்தலாம். அவர் கையில் சான்றிதழ் இருக்காது, காதில் தோட்டம் இருக்கும். பரிசு வழங்கும் பிரமுகர் பரிசு வழங்கட்டும், புள்ளி போட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட எளிய ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுத் தாள். அதில் இரண்டே வரி: எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும். அந்த இரண்டு வரியை எழுத வேண்டும் என்றாலே நடுவர் கவனித்துப் பார்ப்பார். எழுதத் தெரியாதவர் அந்த நாற்காலிக்கு வரத் தயங்குவார்.

நடுவு நிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமை சொன்னார். நிறுவைக் கொட்டகையில் வாளியோடு நின்ற பாட்டிகளின் பேத்திகள்தாம் இன்று சலங்கை கட்டி நிற்கிறார்கள். தராசு சரியா என்று கேட்கும் உரிமை அந்தப் பாட்டிக்கு இருந்தது. பேத்திக்கும் இருக்கிறது.

"ஏம்மா எனக்குக் கிடைக்கல?" என்று அவள் கேட்கும்போது, அம்மா அந்தத் துண்டுத் தாளைப் பிரித்துப் படிக்கட்டும். தோல்வி வலிக்கத்தான் செய்யும். ஆனால் காரணம் தெரிந்த தோல்வியோடு வீட்டுக்குப் போகிற பிள்ளை, அடுத்த ஆண்டு மீண்டும் சலங்கை கட்டுவாள்.